மான் வேட்டைக்கு 6.5×55: தோட்டா சீக்கிரம் அமைந்தது, குண்டுக்கு ஒரு வருடம் ஆனது

கிளிக் என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. வெடிக்கவில்லை, உதைக்கவில்லை. ஆனால் ரைஃபிளின் முனை ஒரு கையகலம் கீழே சரிந்திருந்தது. என் வலது தோள் முன்னால் பாய்ந்திருந்தது, கண்கள் இறுக மூடியிருந்தன. என்னை வேட்டைக்குப் பழக்கிய அண்ணன், எனக்குத் தெரியாமல் மேகசினில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஒன்றைச் செருகி வைத்திருந்தார்.

"பார்த்தீங்களா தம்பி, இந்தத் தடவை துப்பாக்கி உதைக்கலை. உதைக்கும்னு நினைச்சே நீங்க குலுங்கிட்டீங்க."

அது .30-06. 180 கிரெய்ன் குண்டு (குண்டின் எடையைக் கிரெய்னில்தான் சொல்வார்கள், இது 12 கிராமுக்குச் சற்றுக் கீழே), நொடிக்கு 820 மீட்டர் வாக்கில் போகும். 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா அது. பெயரில் இருக்கும் 06 அந்த வருடம்தான். நூறு வருடங்களுக்கு மேலாக மான், கரடி, மூஸ் என்கிற பெரிய வகை மான் என எல்லாவற்றுக்கும் உழைத்த அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நான் தேடிப்போவது 60, 70 கிலோ எடையுள்ள மானை. சுடும் தூரம் 200 மீட்டருக்குள். அதற்கு இவ்வளவு உதையைத் தாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பதில் அர்த்தம் இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன்: அடுத்த பருவத்துக்குள் எனக்கான தோட்டாவையும் அதற்கான குண்டையும் கண்டுபிடித்துவிட வேண்டும். ஒரு வருடம் முழுக்க நோட்டில் எழுதி வைத்ததிலிருந்து இந்தப் பதிவு.

முதலில் ஒரு சொல் விளக்கம். பேச்சில் தோட்டா, குண்டு, ரவை மூன்றையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். இங்கே தோட்டா என்றால் முழுப் பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, நுனியில் குண்டு. குண்டு என்றால் குழலை விட்டுப் பறந்துபோகிற அந்த நுனித் துண்டு மட்டும். இந்தப் பிரிவு மனதில் நின்றால்தான் பின்னால் வருவது புரியும்.

கடைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் நிலத்தை அளந்தேன். நான் வழக்கமாகக் காத்திருக்கும் ஐந்து இடங்களில் நின்று, மான் வரக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் தூரமானியை வைத்துப் பார்த்தேன். நான்கு இடங்களில் 40 முதல் 90 மீட்டர்தான். அதற்கு மேல் மரமும் புதரும் மறைத்துவிடும். ஒரே ஒரு வெட்டவெளியின் எதிர்க்கரை மட்டும் 180 மீட்டர். தோட்டா வாங்க நினைப்பவர்கள் இதை முதலில் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். 400 மீட்டருக்கான தோட்டாவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம். என் காட்டில் 400 மீட்டரே கிடையாது.

இன்னொரு அளவும் வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரலும் இதயமும் இருக்கும் பகுதி, மானில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வட்டம். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. குண்டு எவ்வளவு தூரத்தில் எவ்வளவு இறங்கினாலும் அந்த வட்டத்துக்குள் விழ வேண்டும். விழுந்தபின் உள்ளே விரிந்து, மறுபக்கம் வரை போக வேண்டும். மானுக்கு நாம் கடமைப்பட்டது அது. மற்றதெல்லாம் நம் வசதி.

மனம் முதலில் போனது .30-30க்கு. வாய்மொழியில் தேர்ட்டி-தேர்ட்டி. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 லீவர் ரைஃபிளுக்காக (விசையருகே உள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் வகை) 1895இல் வந்தது. புகையில்லா மருந்துக்காகவே அமெரிக்காவில் உருவான முதல் வேட்டைத் தோட்டாக்களில் ஒன்று. பெயரின் முதல் 30 கேலிபர், அதாவது குழலின் உள்விட்டம், அங்குலத்தில் நூறில் 30 பங்கு; இரண்டாவது 30 அன்றைக்கு உள்ளே போட்ட மருந்தின் எடை, கிரெய்னில். அண்ணனிடம் ஒன்று இருக்கிறது. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. மெலிந்த உடம்பு, நடுவில் பிடித்தால் சமநிலை. 170 கிரெய்ன் குண்டை நொடிக்கு 670 மீட்டரில்தான் அனுப்பும் என்பதால் உதையும் மிதம்.

இரண்டு விஷயங்கள் என்னைத் தடுத்தன. லீவர் ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்கடியில் இருக்கும் குழாய் மேகசினில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் மூக்கு, முன்னால் இருப்பதன் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால் உதை வாங்கும்போது அந்த முனை பிரைமரைக் குத்தி, மேகசினுக்குள்ளேயே வெடிக்க வாய்ப்புண்டு. அதனால் மூக்கைத் தட்டையாகச் செய்வார்கள். தட்டை மூக்கு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். 100 மீட்டருக்கு நேர்செய்து வைத்த .30-30 என் வெட்டவெளியின் எதிர்க்கரைக்குப் போகும்போது கிட்டத்தட்ட ஒரு சாண் இறங்கிவிடும். இப்போது ஹார்னடி மாதிரி நிறுவனங்கள் நுனியில் வளையும் ரப்பர் மாதிரிப் பொருள் வைத்துக் கூர்முனைக் குண்டு செய்கின்றன. அது இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. இரண்டாவது காரணம் என் கண். லீவர் ரைஃபிளுக்கு அழகு வெறும் குறிமுனைதான். மாலை மங்கலில் எனக்கு ஸ்கோப், அதாவது துப்பாக்கிமேல் பொருத்தும் தொலைநோக்கி, இல்லாமல் முடியாது. உங்கள் காடு அடர்ந்தது, 120 மீட்டருக்கு மேல் சுடப்போவதில்லை, கண்ணும் நன்றாக இருக்கிறது என்றால் இதற்கு மேல் தேட வேண்டாம்.

.270 வின்செஸ்டரைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் உண்டு, வருத்தமான அனுபவம். .30-06இன் கூட்டையே கழுத்தில் சுருக்கி 1925இல் கொண்டுவந்த தோட்டா. 130 கிரெய்ன் குண்டு நொடிக்கு 930 மீட்டர். பாதை கயிறு கட்டினாற்போல நேராக இருக்கும். அதற்கு முந்தைய பருவத்தில் இரவல் வாங்கிய .270 ஒன்றோடு போயிருந்தேன். 35 மீட்டரில் மான் வந்தது, தோளில் சுட்டேன். மான் விழவில்லை. நூற்றைம்பது அடி தூரத்தில் அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. தோலை உரித்துப் பார்த்தால், குண்டு தோள் எலும்பில் பட்டு அங்கேயே நொறுங்கிப் போயிருக்கிறது. அந்தப் பக்கத் தோள் முழுக்க ரத்தம் கட்டிய கூழ். நுரையீரலுக்குச் சின்னத் துண்டுகள் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருந்தன.

பல மாதங்கள் நான் .270ஐத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது: தோட்டா செய்த தவறு அல்ல அது. மேலே உள்ள செம்பு உறை மெலிந்த, தொலைதூரத்தில் வேகம் குறைந்த பிறகும் விரிய வேண்டும் என்று செய்யப்பட்ட குண்டை, முழு வேகத்தில் எலும்பில் அடித்தது என் தவறு. அதே தோட்டாவில் கட்டுறுதியான குண்டு இருந்திருந்தால் அந்த மான் நின்ற இடத்திலிருந்து சில அடிகளில் விழுந்திருக்கும். தோட்டா குண்டுக்கு வேகத்தைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்த வேகத்தில் இறைச்சிக்குள் நுழைந்தபின் என்ன நடக்கும் என்பதைக் குண்டின் கட்டுமானம்தான் தீர்மானிக்கிறது. இது தெரிந்த பிறகு என் தேடலின் பெரும்பகுதி குண்டுகள் பக்கம் திரும்பிவிட்டது.

.308 வின்செஸ்டரை விரைவில் கடந்துவிடுகிறேன். 1952இல் வந்தது. குட்டைத் தோட்டா, எங்கும் கிடைக்கும், எந்தக் குறையும் சொல்ல முடியாது. 150 கிரெய்ன் குண்டோடு மானுக்கு அருமையானது. கடைசிச் சுற்றுவரை என் பட்டியலில் இருந்தது. 7×57 மௌசரும் இருந்தது. தோட்டாக்கள் தேடி அலைய வேண்டியிருந்ததால் விட்டுவிட்டேன்.

நின்றது 6.5×55. சுவீடனும் நார்வேயும் ஒரே அரசரின் கீழ் இருந்த காலத்தில் இரு நாட்டு ராணுவங்களுக்குமாகச் சேர்ந்து உருவாக்கி, 1894இல் ஏற்றுக்கொண்ட தோட்டா. 6.5 என்பது குழலின் உள்விட்டம், 55 என்பது கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். 140 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 9 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 800 மீட்டர் அளவில் அனுப்பும். .30-06இன் 180 கிரெய்னோடு ஒப்பிட்டால் உதை பாதிக்குச் சற்று மேல்தான். அந்த நாடுகளில் இன்றைக்கும் மூஸை இதைக் கொண்டு வேட்டையாடுகிறார்கள்.

இவ்வளவு மென்மையான தோட்டா அவ்வளவு பெரிய விலங்கை எப்படி வீழ்த்துகிறது? விடை குண்டின் உருவத்தில் இருக்கிறது. 6.5 குண்டு மெலிந்து நீண்டது. ஒரே எடையில் ஒரு குட்டைக் கட்டையையும் ஒரு நீண்ட ஆணியையும் நினைத்துப் பாருங்கள். ஆணிதான் ஆழமாக இறங்கும். குண்டின் எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து இதற்கு ஓர் எண் சொல்வார்கள். 6.5இன் 140 கிரெய்னுக்கு அது 0.287. .308இன் 150 கிரெய்னுக்கு 0.226. அந்த 0.287ஐ எட்ட .30 கேலிபரில் 180 கிரெய்னுக்கு மேல் போக வேண்டும், அதற்கான உதையையும் வாங்க வேண்டும். நீண்ட குண்டு தடுமாறாமல் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். அதனால் இந்த ராணுவ ரைஃபிள்களின் குழலில் 200 மில்லிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று வருகிற மாதிரி வரி வெட்டியிருந்தார்கள். வேட்டை ரைஃபிள்கள் பலவற்றிலும் அதே சுழற்சிதான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தத் தோட்டாவுக்காகச் செய்த துப்பாக்கிகளில் 1890களின் மௌசரும் கிராக்-யோர்கன்சனும் உண்டு. அவற்றை மனதில் வைத்து அமெரிக்கத் தோட்டாக்களை அழுத்தம் குறைத்துத்தான் செய்கிறார்கள். சில ஐரோப்பியத் தோட்டாக்களில் அழுத்தம் கூடுதல். பழைய துப்பாக்கி என்றால், துப்பாக்கிப் பழுது தெரிந்தவரிடம் காட்டாமல் ஒரு தோட்டா கூடப் போடக் கூடாது. குழலில் பொறித்திருப்பதும் பெட்டியில் எழுதியிருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்பது எல்லாத் தோட்டாவுக்கும் பொருந்தும். நான் வாங்கியது இந்தக் காலத்து போல்ட் ரைஃபிள், தாழ்ப்பாள் மாதிரி ஒரு போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. அப்படியும் போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் பார்த்து, பொறிப்பைப் படித்த பிறகுதான் முதல் பெட்டியைத் திறந்தேன்.

சரி, குண்டுகளுக்கு வருவோம்.

நான்கு வகை எடுத்தேன். ஒன்று, செம்பு உறைக்குள் ஈயம் வைத்து, நுனியில் ஈயம் தெரிகிற சாதாரண மென்முனை, 140 கிரெய்ன். இரண்டு, அதே எடையில் நடுவே தடுப்பு வைத்த குண்டு. இந்தத் தடுப்புக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1946இல் ஜான் நாஸ்லர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டார். சேறு காய்ந்து அப்பியிருந்த அதன் உடம்பில் அவருடைய வேகமான .300 குண்டுகள் ஆழமாக இறங்கவில்லை. வீடு திரும்பி, குண்டுக்குள் முன்னறை, பின்னறை என இரண்டு பிரித்து, நடுவில் செம்புச் சுவர் வைத்தார். முன்பக்கம் விரிந்து உதிர்ந்தாலும் பின்பாதி முழுசாக உள்ளே போகும். 1948இல் இருந்து விற்பனையில் இருக்கிறது. என் .270 அனுபவத்துக்குப் பிறகு இந்தக் கதையைப் படித்தபோது, எனக்கு முன்னாலேயே ஒருவர் இதே வருத்தத்தோடு வீடு திரும்பியிருக்கிறார் என்று தோன்றியது.

மூன்று, ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு, 120 கிரெய்ன். நுனியில் பள்ளம் இருக்கும். உள்ளே நுழைந்ததும் நான்கு இதழாக விரியும். நான்கு, 156 கிரெய்ன் உருண்டை மூக்கு, ஸ்காண்டிநேவியாவில் பழகிய பழைய பாணி. சுவீடனில் மூஸ் போன்ற பெரிய விலங்குகளுக்கான விதியில் குண்டு 10 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் 100 மீட்டரில் 2000 ஜூல் போதும். 9 கிராம் என்றால் 2700 ஜூல் கேட்கும். 156 கிரெய்ன் என்றால் 10.1 கிராம். அந்த எடை அங்கே நிலைத்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

சோதனைக்குப் பழைய செய்தித்தாள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, இறுக்கி அடுக்கிப் பெட்டியில் கட்டினால் ஒரு கட்டு அரை மீட்டர் வரும். ஈரத்தாள் மானின் உடம்பு அல்ல. நிஜத்தில் தோல், எலும்பு, காற்று நிறைந்த நுரையீரல் எல்லாம் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆனால் நான்கு குண்டுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட ஈரத்தாள் போதும். துப்பாக்கி சுடும் மைதானத்தில், பின்னால் மண்மேடு இருக்க, அனுமதி கேட்டு 50 மீட்டரில் சுட்டேன். இரண்டாவது முறை ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் ஒரு மாட்டு விலா எலும்பைக் கட்டினேன்.

தாளைப் பக்கம் பக்கமாகப் பிரித்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. நுழைந்த இடத்தில் பென்சில் நுழையும் அளவு ஓட்டை. நாலு விரற்கடை உள்ளே போனதும் தாள் கிழிந்து, கையை விடும் அளவு குகை. அதற்குப் பின் மறுபடி சுருங்கிச் சுருங்கி, கடைசியில் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் ஒரு உலோகக் காளான். மென்முனையின் காளானைக் கழுவி எடை போட்டேன்: 6 கிராமுக்குச் சற்று மேல். மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே உதிர்ந்திருந்தது. தாள்களில் சாம்பல் நிறத்தில் மிளகைத் தூவினாற்போல ஈயத் துகள்கள், தடத்திலிருந்து ஒரு கையகலம் தள்ளிக்கூட. எலும்பு கட்டிய சுற்றில் அதே குண்டின் உறை பாதி கழன்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தடுப்புக் குண்டும் ஏறக்குறைய அதே எடையைத்தான் இழந்தது. ஆனால் எலும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்பாதி அப்படியே, கிட்டத்தட்ட ஒரே ஆழத்தில். செம்புக் குண்டு எடையில் எதுவும் இழக்கவில்லை. நான்கு இதழும் பூ மாதிரி விரிந்து, முதல் கட்டைத் தாண்டி இரண்டாவது கட்டில் கிடந்தது. உருண்டை மூக்கு நல்ல அகலமாக விரிந்தது. 50 மீட்டரில் எனக்கு அதுவே பிடித்திருந்தது.

அந்த ஈயத் துகள்களைப் பார்த்த பிறகு மனம் நிம்மதியாக இல்லை. அந்த இறைச்சியை வீட்டில் குழந்தைகளும் சாப்பிடுவார்கள். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்கிற கழுகுகள் ஈயத்தால் சாகின்றன. கலிஃபோர்னியாவில் காண்டோர் கழுகுகளுக்கு நேர்ந்தது அதுதான். 2019 ஜூலை 1இலிருந்து அங்கே எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. எந்தச் சட்டமும் கேட்காவிட்டாலும் செம்பைத்தான் முதலில் முயல்வது என்று முடிவெடுத்தேன்.

செம்புக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. செம்பு ஈயத்தைவிடக் கடினம். வேகம் குறைந்தால் இதழ் விரியாது, பென்சில் ஓட்டையோடு மறுபக்கம் போய்விடும். ஈய மென்முனைகள் பொதுவாக நொடிக்கு 550 மீட்டர் வரை விரியும் என்றால், செம்புக்கு 600க்கு மேல் இருப்பது நல்லது. என் அதிகபட்சத் தூரம் 180 மீட்டர். அங்கே இந்தக் குண்டு 600ஐவிட நன்றாகவே மேலே இருக்கும் என்று கணக்கு காட்டியது. நிலத்தை முதலில் அளந்தது இங்கேதான் கைகொடுத்தது.

அப்புறம் குழலின் விருப்பம். ஒரே எடை, ஒரே வகைக் குண்டாக இருந்தாலும் ஒவ்வொரு குழலும் ஒவ்வொன்றை ஏற்கும். இரண்டு நிறுவனங்களின் செம்புத் தோட்டாக்களை வாங்கி 100 மீட்டரில் மூன்று மூன்றாகச் சுட்டேன். ஒன்று மூன்று குண்டுகளையும் 80 மில்லிமீட்டர் பரப்பில் தெளித்தது. மற்றொன்று 35இல் அடக்கியது. இரண்டாவதை எடுத்தேன். அதே தயாரிப்பு எண்ணுள்ள பெட்டிகளாகப் பார்த்து ஐந்து வாங்கிவைத்தேன். ஈயத்திலிருந்து செம்புக்கு மாறும்போது முதல் சில குண்டுகள் எங்கெங்கோ போகும். குழலில் பழைய படிவு இருந்தால் அப்படித்தான். நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடங்கினேன். 100 மீட்டரில் நேர்செய்து 180இல் சுட்டபோது நாலு விரற்கடை இறங்கியது. .30-30க்குச் சொன்ன ஒரு சாணை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டதோடு நிறுத்தவில்லை. உட்கார்ந்து, மண்டியிட்டு, மரத்தில் சாய்ந்து, வாரம் இருபது தோட்டா. குழல் குளிர்ந்திருக்கும்போது போகும் முதல் குண்டை மட்டும் தனித்தாளில் குறித்தேன், ஏனென்றால் மானுக்குப் போவது அந்தக் குண்டுதான். அண்ணன் மறுபடி பயிற்சித் தோட்டாவைச் செருகிப் பார்த்தார். கிளிக். முனை அசையவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

பருவம் திறந்து, உரிமத்தோடு போன மூன்றாம் நாள் மாலை. வெட்டவெளியின் ஓரத்தில் மான் வந்து நின்றது, 110 மீட்டர். சற்றுச் சாய்ந்து நின்றதால் காத்திருந்தேன். அது திரும்பி முழுப் பக்கவாட்டாக நின்றபோது, பின்னால் மண்சரிவு இருப்பதைப் பார்த்துக்கொண்டு, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறிவைத்தேன். வெடிச்சத்தத்துக்குப் பிறகும் ஸ்கோப்புக்குள் மான் தெரிந்தது. .30-06இல் ஒரு தடவைகூட நான் அதைப் பார்த்ததில்லை. உதையில் எல்லாம் வானத்துக்குப் போய்விடும். முதுகு வளைந்து எம்பியது, நாற்பது அடி ஓடியது, கால் மடிந்து விழுந்தது.

உரித்தபோது எல்லாவற்றையும் அளந்தேன். நுழைவு குண்டின் அளவு. வெளியேறிய ஓட்டை என் கட்டைவிரல் அளவு. இரண்டு நுரையீரலும் கிழிந்திருந்தன. ஒரு விலா உடைந்திருந்தது. அதைச் சுற்றி ரத்தம் கட்டிய இறைச்சி ஒரு கைப்பிடி. தோள்கள் இரண்டும் முழுசாக இருந்தன. குண்டு கிடைக்கவில்லை, மறுபக்கம் மண்சரிவுக்குள் போய்விட்டது. நோட்டில் தேதி, தூரம், ஓடிய தூரம், வெளியேறிய ஓட்டை என்று எழுதி, பெட்டியில் மிச்சம் இருந்த பதினேழு தோட்டாக்களையும் எண்ணி அதற்குக் கீழே குறித்தேன்.